புகையைக் குறைத்தோம்

எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்று எங்கள் கம்பெனியில் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி செய்யும் மில் ஒன்றில் சுற்றுச்சூழல் பிரிவில் இருக்கிறேன். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சுற்றும்போது கழுத்தை ஆட்டும் ஒரு ஃபேன். இந்த மாதம் எவ்வளவு நிலக்கரி, எவ்வளவு கரண்ட், எவ்வளவு டீசல் என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டு வாங்கி, அதனால் எவ்வளவு கரிவாயு வெளியே போனது என்று கணக்கிட்டு, உற்பத்தியான டன்னால் வகுத்து, மேலே அனுப்புவது என் வேலை. அதோடு, தமிழில் எது எழுத வேண்டியிருந்தாலும் என்னிடம் வரும். ‘தலைக்கவசம் அணியவும்’ நான் எழுதியது. ‘சூடான கம்பி, கை வைக்காதே’ நான் எழுதியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேத பாடம் வாசிப்பவனும் நான்தான். போதாதா, தலை கனக்க?

என் அக்கா அந்த மில்லின் பின்மதிலை ஒட்டிய தெருவில் குடியிருந்தாள். மாமா, அதாவது அவள் கணவர், அதே மில்லில் உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவர். ரிட்டயர் ஆக அவருக்கு இரண்டு வருஷம் பாக்கி. அக்கா ஐந்தாவது வரைக்கும் படித்தாள். அப்புறம் ஆரம்பாக்கம் பக்கத்து வயல்களில் அம்மாவோடு நாற்று நடப் போய்விட்டாள். நான் படித்ததற்கு அவள் காலில் அப்பிய சேறுதான் காரணம். இதை நான் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது, “சினிமா வசனம் பேசாதே” என்பாள். தொழிற்பேட்டை வந்த பிறகு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். அந்தச் சம்பளத்தில்தான் அந்தக் கான்கிரீட் வீடு எழும்பியது. கூரைக்குள் இருக்கும் கம்பி எங்கள் மில் கம்பி. எங்கள் வம்சத்தில் முதல் கான்கிரீட் வீடு அதுதான், அதனால் அந்த வீட்டைப் பற்றி யாரும் குறையாக ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாது.

நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஐம்பத்திரண்டில் குடத்தைத் தூக்க முடியாமல் போனது. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் மருந்தையும் மூச்சில் இழுக்கும் பம்ப்பையும் கொடுத்துவிட்டு, “எங்கே குடியிருக்கீங்க?” என்று கேட்டார். சொன்னோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “வீட்டை மாத்துங்கம்மா. அதுக்கு மேல என்கிட்ட மருந்து இல்ல” என்றார்.

அக்கா மகளைச் சோழவரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம், நல்லபடியாக இருக்கிறாள். ஏரிக்காற்று வரும் வீடு. மாடியில் ஒரு அறை சும்மா கிடந்தது. அங்கே போய்விடு என்று எல்லோரும் சொன்னோம். அக்காவுக்கு மனசில்லை.

“உங்க மாமாவுக்கு யாரு சோறு பொங்குவா? ஷிப்டு முட்ச்சிட்டு வந்து ஓட்டல்ல துன்னுகினு கெடப்பாரா? ரெண்டு வருஷம் போவட்டும், ரெண்டு பேரும் சேந்து போறோம்” என்றாள்.

அவள் தங்குவதற்கு மாமா ஒத்துக்கொள்ளவில்லை. நான் சண்டை போட்டேன். கடைசியில் ஈஸ்டர் முடிந்ததும் கிளம்புவது என்று முடிவானது. இரண்டு பையில் துணியை அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் என்னைச் சென்னைக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஏசி ஹாலில் பல் தந்தியடித்தது. பாடம் எடுத்தது ஒரு சின்னப் பெண், தெளிவாகப் பேசினாள். நாட்டின் இலக்கு என்ன, அதற்கு ஒவ்வொரு ஆலையும் என்ன செய்ய வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினாள். நாடு முழுக்க எவ்வளவு கரிவாயு விடுகிறோம் என்பது இலக்கு இல்லையாம். ஒவ்வொரு ரூபாய் உற்பத்திக்கும் எவ்வளவு விடுகிறோம் என்பதைத்தான் குறைக்க வேண்டுமாம். ஆலைக்கும் அதே கதைதான், டன்னுக்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். எனக்கு ஒன்று உறைத்தது. நான் பின் வரிசையிலிருந்து கையைத் தூக்கினேன்.

“மேடம், டன்னுக்குக் குறையுது, சரி. டன்னே டபுள் ஆனா? மொத்தம் எப்ப மேடம் குறையும்?”

“நல்ல கேள்வி சார். அது வேற செஷன்ல வரும்” என்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகும் அந்த செஷன் வரவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்குக் கொடுத்த படங்கள் அவ்வளவுதான். நாட்டையும் சட்டென்று ஏசிவிட முடியவில்லை. நம்மைப்போல் எத்தனையோ மடங்கு எரித்து, தின்று, ஏப்பம் விட்ட நாடுகள் இன்றைக்கு நமக்கு வகுப்பு எடுக்கின்றன. கம்பி வேண்டாம் என்று யார் சொல்வது? எங்கள் தெருவிலேயே இன்னும் ஷீட் கூரையில் வேகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் கான்கிரீட் வேண்டும். இதெல்லாம் நியாயம்தான். ஆனாலும் மேலே இருக்கும் காற்று நம் நியாயத்தைக் கேட்டுக்கொண்டா சூடாகிறது? அதற்கு மொத்தம் மட்டும்தான் தெரியும். ரயிலில் திரும்பும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன், பொன்னேரி தாண்டியதும் தூங்கிவிட்டேன்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். பயிற்சியில் கொடுத்த பையையும் நோட்டையும் அவளிடம் கொடுத்தேன். இந்த மாதிரி ஓசிப் பொருள் என்றால் அவளுக்கு உயிர்.

“இன்னாடா சொல்லிக் குடுத்தாங்க?” என்றாள்.

நிகர பூஜ்யம் என்று ஒன்று இருக்கிறது, நாடு முழுக்க விடுகிற கரியும் திரும்ப உறிஞ்சுகிற கரியும் சரிக்குச் சரியாகி, மிச்சம் பூஜ்யமாகிவிடும் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன்.

“எப்ப?”

“ரெண்டாயிரத்து எழுபதுல.”

“பூஜ்யம் வாங்கறதுக்கு அம்மாம் வருஷமாடா? நீ ஒம்பதாவது கணக்குல மூணே மணி நேரத்துல வாங்கிகினு வந்தியே.”

மாமா பனியனால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்காவும் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. மாமா முதுகைத் தடவிவிட்டார், நான் பம்ப்பை எடுத்துக் கொடுத்தேன். அடங்கிய பிறகு விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாள்.

“அப்ப நானும் இருக்க மாட்டேன், நீயும் இருக்க மாட்ட. யாருக்குடா சொல்றாங்க?” என்றாள்.

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. டீ குடித்தேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வாரம் மானேஜர் என்னைக் கூப்பிட்டார். மில்லின் வெளிமதிலில், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, பெரிதாக ஒரு வாசகம் எழுத வேண்டும், மக்களுக்கு நம்மைப் பற்றி நல்லபடியாகத் தெரிய வேண்டும் என்றார். இங்கிலீஷில் ஒரு வரி கொடுத்தார். நான் அதைத் தமிழாக்கினேன்: ‘ஒரு டன் எஃகுக்கான எங்கள் கரிம உமிழ்வுத் தீவிரத்தைக் குறைத்துள்ளோம்.’ சொல்லுக்குச் சொல் சரி. அதில் பொய் கிடையாது. புதிதாக வந்த இரண்டாவது உலை கரண்டை மிச்சம் பிடிக்கிற உலை, டன்னுக்கு உண்மையாகவே குறைந்திருந்தது. கணக்குப் போட்டவனே நான்தானே.

சுவரில் எழுத வந்த பெயின்டர் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“சார், உமிழ்வுன்னா இன்னா சார்? எச்சி துப்பறதா?”

“இல்லப்பா, வெளியே விடறது.”

“தீவிரம்னு வேற போட்டுக்கிறீங்க. படிக்கறவன் பேஜாராயிடுவான் சார்.”

பக்கத்தில் நின்ற மானேஜரின் டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. தமிழ் நன்றாக வரும் என்று பேர் வாங்கியவன், ஊர்க்காரனுக்குப் புரியாமல் எழுதினால் மானம் என்ன ஆவது? காகிதத்தை வாங்கி, சுவரில் வைத்து, அங்கேயே அடித்துத் திருத்தினேன். உமிழ்வு போயிற்று, தீவிரம் போயிற்று. ‘ஒரு டன் எஃகுக்கான’ என்பது வாக்கியத்தின் தலையில் ஒட்டாமல் நின்றது, அதையும் வெட்டினேன். மிஞ்சியது இரண்டே சொல்.

புகையைக் குறைத்தோம்.

எவ்வளவு அழகான தமிழ். பெயின்டர் “சூப்பர் சார்” என்றார். மானேஜருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், முதுகில் தட்டினார். நீல நிறத்தில், ஆள் உயர எழுத்தில், இரண்டு நாளில் எழுதி முடித்தார்கள். முடிந்ததும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போட்டோகூட எடுத்தேன்.

அக்காவுக்கு ஒரு பழக்கம். கண்ணில் படுவதையெல்லாம் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிப்பாள். எளாவூர் செக்போஸ்டில் நிற்கும் லாரியின் முதுகு, சோப்பு உறை, கல்யாண பேனர், எதையும் விட மாட்டாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது எங்கள் சுவரைப் படித்திருக்கிறாள். மத்தியானம் நான் கேன்டீனில் தட்டும் கையுமாக நிற்கும்போது போன் வந்தது.

“தம்பி, செவுத்துல நீதான் எழுதுனியாமே. மாமா சொன்னாரு.”

“ஆமாக்கா.”

“மெய்யாலுமே கொறைச்சிட்டாங்களா?”

பின்னால் வரிசையில் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். குழம்பு ஊற்றுகிறவர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். ‘ஒரு டன்னுக்கு’ என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அதை விளக்க வேண்டும்.

“ஆமாக்கா, குறைஞ்சிருக்கு” என்றேன்.

நேரில் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இந்த நினைப்பை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து போனபோது கட்டிலுக்கு அடியில் பைகள் இல்லை. துணியெல்லாம் பழையபடி பீரோவுக்குப் போயிருந்தது. அடைத்தே கிடந்த ஜன்னல் திறந்திருந்தது. அக்கா அடுப்படியில் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அவ்வளவு தெளிவாகப் பார்த்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

“ரெண்டு வருஷம் இங்கியே ஓட்டிடறேன்டா. புகைதான் கொறைஞ்சி போச்சே” என்றாள்.

சொல்ல ஆரம்பித்தேன். அவளுக்குப் புரிகிற மாதிரி இட்லியை இழுத்தேன். “அக்கா, ஒரு ஈடு இட்லிக்கு ஆகிற கேஸ் கொறையுதுன்னு வெச்சுக்கோ. ஆனா நீ ஒரு ஈட்டுக்குப் பதிலா ரெண்டு ஈடு ஊத்தறே...”

“மீனைப் போட்டுக்கினு ஒக்காந்துகிறேன், இட்லி கதை பேசறான் பாரு. துன்னுடா முதல்ல.”

தின்றேன். வஞ்சிர மீன். வாயை அடைக்க அது எனக்குப் போதுமாக இருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் கணக்கெழுதும் கரிவாயு வேறு, அக்காவின் நெஞ்சை அடைத்த தூசி வேறு. கரிவாயுவுக்கு நிறமும் கிடையாது, நாற்றமும் கிடையாது, தெருவில் நிற்காமல் மேலே போய் ஊரையெல்லாம் சூடாக்கும். தூசி கீழே இறங்கி, கொடியில் காயும் துணியிலும் ஆளின் நெஞ்சிலும் உட்காரும். கணக்கில் இருந்தது முதலாவது. சுவரில் நான் எழுதிய ‘புகை’ என்ற சொல்லில் இரண்டும் அடக்கம். இரண்டாவதைப் பற்றி என்னிடம் எந்தக் கணக்கும் கிடையாது. எளிமையான தமிழ் என்ற பெயரில், எனக்குத் தெரியாத ஒன்றுக்கும் சேர்த்து நான் ஜாமீன் நின்றுவிட்டேன்.

ஈஸ்டர் வந்தது, போனது. இரண்டு உலையும் மூன்று ஷிப்டும் ஓடின. நான் மேலே அனுப்பிய தாளில் டன்னுக்கான எண் அழகாக இறங்கியது. அதற்கு மேல் கட்டத்தில் இருந்த மொத்தம் ஏறியது. மொத்தத்தைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, ஏனென்றால் அதற்கு இலக்கு கிடையாது. பாராட்டி ஒரு மெயில் வந்தது. தலைப்பில் ‘இலக்கை முன்கூட்டியே எட்டினோம்’ என்று இருந்தது. இவ்வளவு சுலபமாக எட்டினால் அது என்ன இலக்கு என்று எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலோடு அந்த மெயிலைத் தமிழாக்கி நோட்டீஸ் போர்டிலும் ஒட்டினேன்.

அந்தக் கத்திரி வெயிலைப் போல ஒன்றை நான் கண்டதில்லை. கான்கிரீட் கூரை பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. ஜன்னலை மூடினால் அக்காவுக்கு அனலில் மூச்சு முட்டியது. திறந்தால் தூசியில் முட்டியது. அவள் திறந்தே வைத்திருந்தாள். நான் போகும்போதெல்லாம் ஜன்னல் பக்கத்தில் நாற்காலி போட்டு, மதிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். இருமல் அதிகமாகிவிட்டதே, சோழவரம் போய்விடேன் என்றேன். “வெயிலுக்குடா. எல்லாருக்கும்தான் இருமுது” என்றாள். வற்புறுத்த வாய் எடுத்தால் நான் எழுதியதே எனக்கு எதிரே வந்து நின்றது. அது பொய் என்று சொல்லாமல் அவளை எப்படிக் கிளப்புவது? சொல்லியிருக்கலாம். ஒரு தடவை தலை குனிந்திருந்தால் போதும். அதற்குத்தான் எனக்குத் துப்பில்லை.

ஒரு காலையில், நாஷ்டாவுக்கு ரவையைக் கிளறிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் சென்னை. வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தாள். முகத்தில் மாஸ்க் இருந்ததால் பேச முடியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், நானும் அவள் மகளும் பக்கத்தில் இருக்கும்போதே அடங்கிவிட்டாள். என் அக்கா, எனக்காகச் சேற்றில் நின்றவள், காற்றுக்காக வாயைத் திறந்து திறந்து மூடினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இதற்கு மேல் அதை எழுத என்னால் முடியாது.

ஏழாம் நாள் ஜெபம் முடிந்து சர்ச் ஐயர் கிளம்பிவிட்டார். பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாமா வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் போய் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். உமிழ்வு, டன், பெயின்டர், கேன்டீன் போன், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அதை நம்பித்தான் இருந்துவிட்டாள், நான்தான் கொன்றேன் மாமா என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

மாமா தோளில் கிடந்த துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

“எனுக்குத் தெரியும் மச்சான். நான் பர்னஸாண்ட நிக்கறவன். ரெண்டு பர்னஸ் ஓடறப்ப புகை எப்டி கொறையும்?”

“அப்ப ஏன் மாமா அக்காகிட்ட சொல்லல?”

“அவளுக்கும் தெரியும். தெனம் துணிய ஒதறி மடிக்கிறவளுக்குத் தெரியாதா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெரிந்தும் ஏன் இருந்தாள் என்று கேட்டேன்.

“ஒரு நாளு பஸ் ஸ்டாப்பாண்ட என்னை இட்டுகினு போயி அந்தச் செவுத்தைக் காட்னா. ‘குறைப்போம்னு எழுத வந்துக்கிறான், ரெண்டு எழுத்து மாறிப்போயி குறைத்தோம்னு ஆயிட்ச்சி. இன்னும் கொறைக்கல, இனிமேதான் கொறைப்பாங்க. தம்பி எழுதிக்கிறான்ல, கொறைப்பாங்க, கொஞ்ச நாளு பொறுத்துக்கறேன்’னா.” மாமா மூக்கைத் துடைத்துக்கொண்டார். “உன்னாண்ட சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினா மச்சான். அம்மாம் பெரிய எழுத்துல தப்பு பண்ணிட்டோம்னு தெரிஞ்சா நீ ஒடைஞ்சிடுவியாம்.”

நான் எழுதியதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. அதை மாமாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.